சீற் பெல்ற்றில் மீற்றர் வைக்க முன்

எயார்பேக் லைற் அணையாமல், சீற் பெல்ற் பிரிரென்ஷனரில் (மோதலின்போது பெல்ற்றை இறுக்கும் பாகம்) மின்தடை கூடுதல் என்று ஸ்கேனர் காட்டினால், மல்டிமீற்றரை நேரே அதில் வைக்காதீர்கள். ஓம் அளக்க மீற்றர் அனுப்பும் சிறு மின்னோட்டமே உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கக்கூடும்.

பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி 3 நிமிடமாவது விடுங்கள். எயார்பேக் யூனிற்றின் கப்பாசிற்றரில் மின் தேங்கியிருக்கும். பிறகு மஞ்சள் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். கொழும்பு உப்புக்காற்றுக்கும், காருக்குள் புகுந்த வெள்ளத்துக்கும் அவை பச்சை பிடித்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

பின்கள் சுத்தமா? பிரிரென்ஷனருக்குப் பதிலாக வயரிங் பக்கத்தில் ரெசிஸ்ரர் (மின்தடையி) ஒன்றைப் பொருத்துங்கள். பல கார்களுக்கு 2 ஓம், மனுவலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். பற்றரியைத் திரும்பக் கொடுத்து, ஸ்கேனரால் பழுதுக் குறியீட்டை (code) அழியுங்கள். திரும்ப வராவிட்டால் பழுது பிரிரென்ஷனரில். வந்தால் வயரிங்கில் அல்லது யூனிற்றில். ரெசிஸ்ரரைக் கழற்றும்போதும் பற்றரி துண்டித்திருக்க வேண்டும். அதை அப்படியே விட்டு ஓடினால் லைற் அணையும், பெல்ற் இறுகாது. பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பழையது மலிவுதான்; பிரிரென்ஷனருக்கு மட்டும் வேண்டாம்.