"லைன் போட்டால் போதும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்

கனடாவில் 'மெய்ட்' எனும் மருத்துவ உதவியுடனான மரணம் 2016 முதல் சட்டப்படி செல்லும். அதற்காகப் புது நர்ஸ்களைத் தயார்செய்யும்போது, ஒவ்வொரு குழுவும் போய் விழுவது அதே பழைய குழிகளில்தான். படிவத்தில் தேதி விடுபடுவதை யாராவது பிடித்துவிடுவார்கள், அதை விடுவோம். யாரும் பிடிக்காத தவறுகள் இவை.

கையை மட்டும் பழக்குவது

மருந்தைச் செலுத்துவது டாக்டர், அல்லது கூடுதல் பயிற்சியும் அதிகாரமும் பெற்ற நர்ஸான நர்ஸ் பிராக்டிஷனர். மற்ற நர்ஸ்கள் உதவலாம், செலுத்தக் கூடாது. இதைச் சொன்ன கையோடு, "முடிவு உன்னுடையதல்ல, லைனை (மருந்து ஏற நரம்பில் ஊசியால் செருகும் குழாய்) போட்டுவிட்டு ஓரமாக நில்" என்று வகுப்பை முடித்துவிடுகிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் அடங்காத வாக்கியம்.

2021க்கு முன், மருந்து ஏற்றும் முன்பு நோயாளி தெளிந்த நினைவோடு சம்மதம் சொல்லியாக வேண்டியிருந்தது. நினைவு தப்பிவிடுமோ என்று அஞ்சி, ஹாலிஃபாக்ஸின் ஆட்ரி பார்க்கர் தான் விரும்பியதற்கு முன்பே, 2018 நவம்பர் 1 அன்று மெய்ட் மூலம் விடைபெற்றார். 2021 திருத்தம் இதைத் தளர்த்தியது. இயற்கை மரணம் நெருங்கியவர், தகுதி உறுதியாகி, தேதி குறித்து, எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், நினைவு தவறிய பின்னும் மருந்தைச் செலுத்தலாம். ஆனால் சொல்லாலோ ஒலியாலோ சைகையாலோ மறுத்தால் நிறுத்த வேண்டும். தொட்டதற்கு உடல் தானாகக் காட்டும் அசைவு மறுப்பாகாது.

இப்போது அப்படி நினைவு தவறிய ஒருவரின் தோலில் ஊசிமுனை படுகிறது. கை வெடுக்கென்று பின்னால் போகிறது. அனிச்சையா, "வேண்டாம்" என்பதா? டாக்டர் சிரிஞ்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்தது நர்ஸ் மட்டும். ஓரமாக நிற்கப் பழகியவர் டேப்பை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். டாக்டர் எடைபோட வேண்டிய விஷயம் அவர் காதுக்கே போகாது.

இதை நடித்துப் பழக்குங்கள். ஊசியை நிறுத்தி, கையை விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். யாரும் தொடாதபோதும் கை விலகுகிறதா, தலை ஆடுகிறதா, முனகல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு உரக்க: "டாக்டர், கையை இழுத்தார். கொஞ்சம் பாருங்கள்." குடும்பம் அழுதுகொண்டு நிற்கும் அறையில் இந்த நாலைந்து வார்த்தை தொண்டையைத் தாண்டாது. வகுப்பில் வாய்விட்டுப் பத்து முறை சொன்னவருக்குத்தான் வரும்.

மனசாட்சியை அன்று காலை கேட்பது

இதில் பங்கேற்க மனம் ஒப்புமா என்று நர்ஸ்களை, பணிப்பட்டியல் போடும் முன்பே கேளுங்கள், அதுவும் பிரித்துக் கேளுங்கள்: லைன் போடுவீர்களா, அறையில் இருப்பீர்களா, பிறகு உடலைத் துடைப்பீர்களா? முதலாவதற்கு மறுப்பவர் மூன்றாவதை மனதாரச் செய்வதுண்டு. விலகுகிறவரும் மாற்று ஆள் வரும்வரை வழக்கமான கவனிப்பை விட முடியாது.

நோயாளி "எனக்குப் போதும்" என்றதும் படிவம் எடுப்பது

முதலில் "எது போதும்?" என்று கேளுங்கள். சில நேரம் பதில், நான்கு நாள் மலச்சிக்கல்.

'கருணைக்கொலை' என்று மொழிபெயர்ப்பது

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழ்க் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லும் நர்ஸ் வாயில் முதலில் வருவது இதுதான். 'கொலை' காதில் விழுந்தபின் அப்பாவின் பிள்ளைகளுக்கு மற்றதெதுவும் விழாது.