மகப்பேறு உதவித்தொகை இழுத்தடிக்கிறதா? நாம் செய்யும் தவறுகள்

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்குப் பதிந்து மாதக்கணக்கில் ஆகியும் பணம் ஏறவில்லை என்றால், பலரும் முதலில் செய்வது நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போவது. பணம் அவர் கை வழியாக வருவதே இல்லை, நேராக வங்கிக்குத்தான் வருகிறது. அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் பிக்மி எண்ணில் (கர்ப்பத்தை அரசின் கணினிப் பதிவில் ஏற்றும்போது தரும் எண்) எந்தத் தவணை எந்த நிலையில் நிற்கிறது, அனுப்பிய பணம் ஏதாவது திரும்பியிருக்கிறதா?

மொத்தம் 18,000 ரூபாய் என்பதால் அத்தனையும் ரொக்கமாக வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 14,000தான் பணம், மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வந்துவிடும்.

சரி, பெரிய சிக்கலுக்கு வருவோம். "பேங்க்லதான் ஆதார் கொடுத்தாச்சே" என்பார்கள். கணக்குக்கு அடையாளமாக ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைக்கும் சீடிங் வேறு. ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் அப்படி இணைந்திருக்கும், கடைசியாக எதை இணைத்தோமோ அதற்குத்தான் ஆதார் வழிப் பணம் போகும். என் தங்கை புதுக் கணக்கின் பாஸ்புக்கை வாரம் ஒருமுறை கொண்டுபோய் என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், பணமோ கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்தே போன பழைய கணக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது! ஆதார் இணையதளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். அலைவதற்கு முன் அந்த இரண்டு நிமிட வேலையை முடித்துவிடுங்கள்.

பெயரையும் பாருங்கள். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவர் பெயர் என்று இருந்தால் இழுபறிதான். கணவரின் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும்.

அப்புறம், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் வழக்கம். பதிவு புகுந்த ஊர் சுகாதார நிலையத்தில், பரிசோதனையும் குழந்தைக்குத் தடுப்பூசியும் பிறந்த ஊரில். அங்கே போட்ட ஊசி அட்டையில் மட்டும் ஏறி பிக்மியில் ஏறாமல் போனால் அடுத்த தவணை அப்படியே நின்றுவிடும். அதற்காகப் புது ஊரில் இன்னொரு முறை பதியாதீர்கள், இரண்டு எண் ஆகிக் குழப்பம் கூடும். பழைய எண்ணைக் காட்டி அதிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையா, அப்போது மனு. "பணம் வரவில்லை, ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால் அது மேசை மேசையாகச் சுற்றும். பிக்மி எண், பதிந்த தேதி, எந்தத் தவணை என்று எழுதி, சீடிங் நிலையைக் காட்டும் பக்கத்தின் நகலையும் சேர்த்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், இல்லையென்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு அழைத்துப் பதியுங்கள். மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பம் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், பல இடங்களில் அந்தக் கடிதம் போன பிறகுதான் ஃபைலைத் தேடவே ஆரம்பிக்கிறார்கள்.