மாணவர் விடுதியைப் பசுமையாக்குவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

தாங்கள் தங்கியிருக்கும் விடுதியைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்ற விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் மரக்கன்று நடுவதிலோ சுவரொட்டி ஒட்டுவதிலோ தொடங்குகிறார்கள். அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. ஆனால், கட்டடம் நாளொன்றுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கிறது, எத்தனை லிட்டர் தண்ணீரைச் செலவழிக்கிறது, எத்தனை கிலோ குப்பையை வெளியே அனுப்புகிறது என்பது தெரியாமல் எதைச் செய்தாலும், அதனால் பயன் விளைந்ததா இல்லையா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்தச் செய்முறை அளவெடுப்பில் தொடங்குகிறது. முன்னனுபவம் இல்லாத நான்கைந்து மாணவர்கள், பெரிய நிதி எதுவுமின்றி, ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடியவற்றை மட்டுமே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வளாகம் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தனி மின்மீட்டரும் தனித் தண்ணீர்த் தொட்டியும் உள்ள ஒரு விடுதிக் கட்டடம் போதும். விடுதிக் காப்பாளரிடமும் பராமரிப்புப் பணியாளர்களிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள். எந்தக் குழாய் எப்போதும் ஒழுகும், எந்த மாடியில் வெப்பம் தங்கும், எந்த நாளில் குப்பை பெருகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கலந்துகொள்ளாமல் தொடங்கிய திட்டம் அவர்களுடைய வேலைச்சுமையைக் கூட்டுவதோடு நின்றுவிடும். பிறகு ஒரு குறிப்பேடு வாங்கி, அதன் முதல் பக்கத்தில் கட்டடத்தில் வசிப்போரின் எண்ணிக்கையை எழுதுங்கள். இனி எடுக்கும் அளவு ஒவ்வொன்றையும் ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்க்க அந்த எண் தேவைப்படும்.

இரண்டாம் படி: இரண்டு வாரம் அளவெடுங்கள்

மின்மீட்டரைத் தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்து வாருங்கள். ஆயிரம் வாட் மின்சாரம் ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மற்றவை எளிது. எடுத்துக்காட்டாக, நடைபாதையில் 40 வாட் பழைய குழல் விளக்குகள் 20 இருந்து, அவை இரவில் 12 மணி நேரம் எரிந்தால், ஒரு நாள் செலவு 9.6 யூனிட். அவற்றுக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் அது 4.8 யூனிட்டாகக் குறையும். 30 நாளில் 144 யூனிட் மிச்சம். நிர்வாகத்திடம் கோரிக்கை வைக்கும்போது இத்தகைய கணக்கு ஒரு பக்கத்தில் இருந்தால், நீண்ட வேண்டுகோள் கடிதம் தேவைப்படாது.

நாள் அளவோடு சேர்த்து, இரவு 1 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் எடுக்கும் இரண்டு அளவுகள் மிகவும் முக்கியமானவை. எல்லோரும் உறங்கும் அந்த மூன்று மணி நேரத்தில் ஓடும் மின்சாரத்தில் ஒரு பகுதி குளிர்பதனப் பெட்டி, மின்விசிறி போன்ற தேவைகளுக்கானது. எஞ்சியது யாருக்கும் பயன்படாமல் எரியும் விளக்குகளுக்கும், அணைக்காமல் விடப்பட்ட கணினிகளுக்கும், ஆள் இல்லாத பொது அறைகளுக்கும் போகிறது. யாருடைய வசதியையும் குறைக்காமல் சேமிக்கக்கூடிய மின்சாரம் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

தண்ணீருக்கு மீட்டர் இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். தொட்டியே ஓர் அளவுகோல்தான். தொட்டியின் நீள அகலங்களை மீட்டரில் அளந்து பெருக்கி, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதோடு மீண்டும் பெருக்கினால் செலவான நீரின் கன அளவு கிடைக்கும். 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் மட்டம் 25 சென்டிமீட்டர் இறங்கினால், செலவானது ஒரு கனமீட்டர், அதாவது 1000 லிட்டர். தொட்டிக்கு நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, அதே நள்ளிரவு மூன்று மணி நேரத்தில் மட்டத்தைப் பாருங்கள். யாரும் குழாயைத் திறக்காதபோதும் மட்டம் தெளிவாக இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது. தொட்டியில் ஏறுவதற்குப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் உடன் இருப்பது அவசியம். இரவில் தனியாக மாடிக்குப் போகாதீர்கள்.

குப்பையை அளப்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். ஒரு நாள் சேர்ந்த குப்பை முழுவதையும் தார்ப்பாயில் கொட்டி, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், உலோகமும் கண்ணாடியும், மின்னணுக் கழிவு, மற்றவை எனப் பிரித்து எடைபோடுங்கள். வேலை நாளொன்றிலும் விடுமுறை நாளொன்றிலுமாக இரண்டு முறை செய்தால் நம்பத்தகுந்த படம் கிடைக்கும். குப்பையைப் பற்றி ஆயிரம் கூட்டங்களில் பேசியவர்களுக்கும் இந்த ஒரு மணி நேர வேலை புதிதாக ஏதாவது கற்றுத்தரும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

மூன்றாம் படி: கசிவையும் வெந்நீரையும் முதலில் கவனியுங்கள்

மனிதர்களின் பழக்கத்தை மாற்றுவது கடினம். குழாயின் வாஷரை மாற்றுவது எளிது. எனவே எளிதானதிலிருந்து தொடங்குங்கள். கழிவறைத் தொட்டிகளில் உணவுக்குச் சேர்க்கும் நிறமியைச் சில துளிகள் இட்டு, 20 நிமிடம் யாரையும் பயன்படுத்த விடாமல் காத்திருங்கள். கீழே உள்ள பீங்கானில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடைப்பான் கசிகிறது என்று பொருள். சத்தமின்றி நாள் முழுவதும் ஒழுகும் இந்தக் கசிவை வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது அரிது.

அடுத்து, குளியலறைத் தூவிக் குழாயை (ஷவர்) திறந்து பத்து விநாடிக்கு வாளியில் பிடித்து, கிடைத்த லிட்டரை ஆறால் பெருக்குங்கள். பத்து விநாடிக்கு 2 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 12 லிட்டர். நிமிடத்துக்கு 7 அல்லது 8 லிட்டர் தரும் தூவியிலும் நன்றாகவே குளிக்க முடியும். வெந்நீர்க் குளியலில் இந்த மாற்றத்துக்கு இரட்டைப் பயன் உண்டு. 20 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 20 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 0.47 யூனிட் மின்சாரம் தேவை. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு 50 மணி நேரத்துக்கு மேல் எரியும். அறை விளக்கை அணைக்கும்படி அறிவிப்புப் பலகை வைப்பதற்கு முன், வெந்நீர்க் கருவி எந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒரே ஓர் எச்சரிக்கை: பொதுவான பெரிய வெந்நீர்த் தொட்டியின் வெப்பநிலையை நீங்களாகக் குறைக்காதீர்கள், வெதுவெதுப்பான நீரில் நோய்க்கிருமிகள் பெருகும் ஆபத்து உண்டு என்பதால், அம்முடிவைத் தொழில்நுட்பர்தான் எடுக்க வேண்டும்.

நான்காம் படி: கட்டடத்தின் வெப்பத்தைப் படியுங்கள்

கட்டடத்தின் எளிய வரைபடம் ஒன்றை வரைந்து, திசைகளைக் குறியுங்கள். பிறகு மலிவான வெப்பமானி ஒன்றை வைத்து, பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒவ்வொரு மாடியிலும் சில அறைகளின் வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். ஒரு வாரத்தில், எந்த அறைகள் தவிக்கின்றன என்பது வரைபடத்திலேயே தெரிந்துவிடும். வெயில் காலத்தில் அவை பெரும்பாலும் மேற்கு நோக்கிய அறைகளாகவும், கூரைக்கு நேர்கீழே உள்ள அறைகளாகவும் இருக்கும். மாலைச் சூரியன் தாழ்வாக இருப்பதால், சன்னலுக்கு மேலே நீட்டப்பட்ட தட்டையான மறைப்பு அதைத் தடுப்பதில்லை. கூரையின் கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் அறைக்குள் விடுகிறது.

இங்கே தொடக்கநிலையினர் பலரும் செய்யும் பிழை, சன்னலின் உட்புறம் தடித்த திரையைத் தொங்கவிடுவது. கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயிலின் பெரும்பகுதி திரையைச் சூடாக்கி, அறையிலேயே தங்கிவிடுகிறது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். மூங்கில் தட்டி, நிழல் வலை, கம்பியில் படரவிட்ட கொடி ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அது உட்புறத் திரையைவிட மேலானது. கூரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். பூச்சுக்கு முன்பும் பின்பும் மேல்மாடி அறைகளின் வெப்பநிலையைக் குறித்து வைத்தால், அடுத்த கட்டடத்துக்கு நிதி கேட்க அதுவே சான்றாகும். மாலையில் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும், எதிரெதிர்ப் பக்கச் சன்னல்களைத் திறந்து காற்று குறுக்கே ஓட வழி செய்யுங்கள். குளிர் மிகுந்த இடங்களில், சன்னல் விளிம்புகளில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்து, அது அசையும் இடைவெளிகளை அடைப்பதே முதல் வேலை.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. தோலின் மேல் காற்றை ஓட்டி, அங்கிருக்கும் ஆளுக்குக் குளிர்ச்சியைத் தருகிறது. ஆள் இல்லாத அறையில் அது ஓடினால், மோட்டாரின் வெப்பம்தான் அறையில் சேரும். பழைய மேற்கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும் இடத்தில், புதிய பி.எல்.டி.சி. (தூரிகை இல்லாத, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார்) வகை விசிறி 30 வாட் அளவில் அதே வேலையைச் செய்யும் என்பதையும் நிர்வாகத்துக்கான பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: உணவுக் கழிவை மண்ணுக்குத் திருப்புங்கள்

உங்கள் எடைக்கணக்கில் உணவுக் கழிவு கணிசமாக இருந்தால், மட்கு உரம் தயாரிப்பது பயன்மிக்க வேலை. குப்பை மேட்டில் புதைந்த உணவு, காற்றில்லாத சூழலில் அழுகும்போது மீத்தேன் வெளியாகிறது. 100 ஆண்டுக் காலக் கணக்கில், எடைக்கு எடை, அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டத்தோடு மட்கும்போது மீத்தேன் மிகக் குறைவாகவே உருவாகிறது. ஆகவே, காற்றை உள்ளே விடுவதுதான் இந்தக் கலையின் உயிர்.

நிழலான இடத்தில், பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட பெரிய பீப்பாயை வையுங்கள். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளிகளைப் பரப்புங்கள். பிறகு காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை போன்ற ஈரக் கழிவு ஒரு பங்குக்கு, காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் போன்ற உலர் பொருள் இரண்டு அல்லது மூன்று பங்கு என்ற அளவில் மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஈரக் கழிவில் நைட்ரஜனும் உலர் பொருளில் கார்பனும் மிகுந்திருக்கும். கலவை முழுவதிலும் சேர்த்து, எடைக்கணக்கில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருந்தால் நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்யும். முதல் ஆண்டில் இறைச்சி, பால் பொருட்கள், எண்ணெய்ப் பசையுள்ள சமைத்த உணவு ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் மேல் அடுக்கு உலர் பொருளாகவே இருக்கட்டும். ஈக்கள் வராமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு துளி கசிந்தால் ஈரம் சரியாக இருக்கிறது. தண்ணீர் ஒழுகினாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ, காற்று போதவில்லை. உலர் பொருள் சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் ஈரக் கழிவு மிகுந்துவிட்டது. அதற்கும் மருந்து காய்ந்த இலைதான். எதுவும் நிகழாமல் அப்படியே கிடந்தால், குவியல் காய்ந்துவிட்டது அல்லது மிகச் சிறியதாக இருக்கிறது. சரியாக நடக்கும்போது நடுப்பகுதி கையில் சூடு உறைக்கும் அளவுக்கு வெப்பமாகும். சில மாதங்களில் மழை பெய்த மண்ணின் வாசத்தோடு கருமையான உரம் கிடைக்கும். நாற்றமெடுத்த பீப்பாய் ஒன்று, ஒரு விடுதியின் மொத்த ஆர்வத்தையும் ஒரே வாரத்தில் அழித்துவிடும். அதனால், உலர் பொருள் நிறைந்த மூட்டை ஒன்று எப்போதும் அருகில் இருக்க வேண்டும். அது தீர்ந்த நாளில் ஈரக் கழிவு வாங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.

மற்ற குப்பைக்கு ஒரே விதி போதும்: தனியாகக் குப்பைத்தொட்டி மட்டும் எங்கும் நிற்கக் கூடாது. மறுசுழற்சித் தொட்டி அதன் பக்கத்திலேயே இருந்தால் மாணவர்கள் பிரித்துப் போடுவார்கள்; இருபது அடி தள்ளி இருந்தால் போட மாட்டார்கள்.

ஆறாம் படி: அளவை எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள்

அமெரிக்காவின் ஓஹாயோ மாகாணத்தில் உள்ள ஓபர்லின் கல்லூரியில், 2005ஆம் ஆண்டு, விடுதிகளுக்கிடையே இரண்டு வாரச் சேமிப்புப் போட்டி ஒன்று நடந்தது. எவ்வளவு செலவாகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டி, அதோடு பரிசும் அறிவித்தபோது, மின்செலவு 32 விழுக்காடு குறைந்தது. தண்ணீர்ச் செலவு 3 விழுக்காடுதான் குறைந்தது. அந்த நேரத்துச் செலவை உடனுக்குடன் காட்டிய விடுதிகளில், வாரம் ஒருமுறை மட்டும் அறிவித்த விடுதிகளைவிடச் சேமிப்பு மிகுதியாக இருந்தது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அளவு எவ்வளவு விரைவாகக் கண்ணில் படுகிறதோ அவ்வளவுக்குப் பயன் உண்டு. தண்ணீரைப் பொறுத்தவரை, போட்டியை மட்டும் நம்பாமல், மூன்றாம் படியில் சொன்ன கசிவையும் தூவியையும் சரிசெய்தாக வேண்டும்.

திரைகளும் மென்பொருளும் இல்லாவிட்டாலும், படிக்கட்டின் அருகே ஒரு கரும்பலகை வைத்து, நேற்றைய யூனிட்டை ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். முதல் இரண்டு வாரச் சராசரி அதன் பக்கத்தில் நிலையாக இருக்கட்டும். எந்த அறையையும், எந்த மாணவரையும் பெயர் சொல்லிக் குறை கூறாதீர்கள். குறை சுமத்தப்பட்டவர் அடுத்த முறை ஒத்துழைக்க மாட்டார்.

ஏழாம் படி: குறிப்பேட்டைக் கைமாற்றுங்கள்

மாணவர் குடியிருப்புக்கே உரிய சிக்கல், அங்கே யாரும் நிலையாக இருப்பதில்லை என்பதுதான். ஆண்டு இறுதியில் அறையைக் காலி செய்வோர் விட்டுப்போகும் மெத்தை, வாளி, மேசை விளக்கு, பாடநூல் ஆகியவை ஒரே வாரத்தில் குப்பையாகின்றன. அடுத்த ஆண்டு வருவோர் அவற்றையே புதிதாக வாங்குகிறார்கள். கடைசித் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, நல்ல நிலையில் உள்ளவற்றைச் சேகரித்துத் துடைத்து வகைப்படுத்துங்கள். மின்சாதனங்களைத் தொழில்நுட்பர் ஒருவர் சோதித்த பிறகே எடுத்து வைக்க வேண்டும். புதியவர்கள் வரும் முதல் வாரத்தில் அறையைத் திறந்துவிடுங்கள்.

பொருட்களைப் போலவே வேலையும் கைமாற வேண்டும். குழுவில் பாதிப்பேராவது இளைய ஆண்டு மாணவர்களாக இருக்கும்படி தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் எங்கே இருக்கிறது, தொட்டியின் நீள அகலம் என்ன, உலர்ந்த இலை யாரிடம் கிடைக்கும், எந்தக் கோரிக்கைக்கு நிர்வாகம் என்ன பதில் சொன்னது, எந்த முயற்சி ஏன் தோற்றது என்பவற்றைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி, அடுத்த பொறுப்பாளரை அருகில் நிறுத்தி, ஒரு வாரம் அவரையே மீட்டரைப் பார்த்துக் குறிக்கச் செய்த பிறகு நீங்கள் அறையைக் காலி செய்யுங்கள்.