5 நானோமீட்டர் தங்கம் எத்தனை டிகிரியில் உருகும்? கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்

கட்டித் தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். நானோமீட்டர் அளவுக்குப் பொடிப்பொடியாக்கினால் அதற்கு முன்பே உருகிவிடும். உள்ளே இருக்கும் தங்க அணுவை 12 அணுக்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் இருப்பதற்கு 9 அல்லது அதற்கும் குறைவு. 561 அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த திரளில் 252 அணுக்கள் வெளி அடுக்கில்தான். பிடி தளர்ந்தவை இத்தனை இருந்தால் கட்டு சீக்கிரம் குலையும்.

துகள் சிறுத்தால் உருகுநிலை எவ்வளவு குறையும் என்று சொல்லும் கிப்ஸ்–தாம்சன் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுவோம்.

படி 1: தங்கத்தின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். உருகுநிலை 1337 கெல்வின், உருகல் வெப்பம் (உருக்கத் தேவையான ஆற்றல்) கிலோவுக்கு 63,700 ஜூல், அடர்த்தி கனமீட்டருக்கு 19,300 கிலோ, திட–திரவ இடைமுக ஆற்றல் (திடத் தங்கமும் உருகிய தங்கமும் தொடும் பரப்புக்கான ஆற்றல்) சதுரமீட்டருக்கு 0.27 ஜூல்.

படி 2: இடைமுக ஆற்றலை 4-ஆல் பெருக்கினால் 1.08. உருகல் வெப்பத்தையும் அடர்த்தியையும் பெருக்கினால் ஏறக்குறைய 123 கோடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மீட்டரில் விடை வரும். ஒரு மீட்டர் நூறு கோடி நானோமீட்டர் என்பதால் அது 0.88 நானோமீட்டர். தங்கத்துக்கு இந்த ஒரு எண் போதும், மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

படி 3: அதைத் துகளின் விட்டத்தால் வகுத்து, 1-லிருந்து கழித்து, 1337-ஆல் பெருக்குங்கள். 5 நானோமீட்டருக்கு 1102 கெல்வின், அதாவது 829 டிகிரி. 10-க்கு 946, 2.5-க்கு 593. 100 நானோமீட்டரிலோ 12 டிகிரிதான் குறைகிறது.

பலர் சறுக்குவது இடைமுக ஆற்றலில். திடத் தங்கத்தின் மேற்பரப்பு ஆற்றலான 1.4-ஐ அங்கே போட்டால், 5 நானோமீட்டர் தங்கம் மைனஸ் 154 டிகிரியிலேயே உருகும் என்று விடை வரும்! ஆரத்தைப் போடுவதாக இருந்தால் 4-க்குப் பதில் 2. செல்சியஸில் பெருக்கவே கூடாது.

விட்டத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்திலிருந்து எடுங்கள். ஒளிச்சிதறல் கருவி துகளின் மேற்பூச்சையும் சேர்த்து அளப்பதால் அளவு கூடுதலாகக் காட்டும். சோதனையில் உருகுநிலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால், சூடேறும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டனவா என்று முதலில் பாருங்கள்.

2 நானோமீட்டருக்குக் கீழே இந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். அங்கே ஒரு அணு கூடினாலும் குறைந்தாலும் உருகுநிலை தாவும். காலியம் 30 டிகிரியிலேயே உருகும் உலோகம். அதன் 39, 40 அணுத் திரள்களோ அதை வெகுவாகத் தாண்டியும் திடமாகவே நின்றதை 2003-ல் அளந்து காட்டினார்கள்.