மாரியில் வன்னிக்குப் போகிறீர்களா? படுக்கும் அறையை முதலில் பாருங்கள்

மார்கழி விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே உள்ள வன்னிக்குப் போகிற பலர், "எனக்குப் பூந்தாதுதான் ஒத்துக்கொள்ளாது, அங்கே என்ன பயம்" என்று அலர்ஜிக் குளிசைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். மாரிகாலத்தில் அங்கே தும்மலைக் கிளப்புவது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: பூஞ்சணம், மெத்தையில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, அப்புறம் புகை.

பூட்டியிருந்த வீடு என்றால், நீங்கள் போய்ச் சேருவதற்குச் சில நாள் முன்பே யன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் பாருங்கள். பின்சுவரில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தட்டினால் தூள் அறை முழுக்கப் பறக்கும். அந்த வேலையை ஒவ்வாமை உள்ளவர் செய்யவே கூடாது. விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மழை விட்டு வெயில் எறிக்கிற நேரத்தில் நன்றாகக் காயப் போடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்குத் தலையணையையே கையோடு கொண்டுபோவது நல்லது.

நுளம்புத்திரிப் புகை இழுப்பைக் கூட்டும். "மாமி, திரி வேண்டாம், வலை கட்டித் தாங்கோ" என்று முதல் இரவே சொல்லுங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள். வலை கட்டாயம் வேண்டும், மாரியில் டெங்கு பரவும்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாட்கள் எடுக்கும். வைத்தியரைக் கேட்டுப் பயணத்துக்கு முன்பே தொடங்குங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை தூக்கம் வரவைக்கும். போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் அதை அலர்ஜி என்று நினைத்து இருக்காதீர்கள். டெங்குவாக இருக்கலாம். பரசிற்றமோல் மட்டும் போடுங்கள். அஸ்பிரின், ஐபுபுரோபன் இரத்தக்கசிவைக் கூட்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். வயல் வெள்ளத்தில் இறங்கியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் வரக்கூடும்.

மூச்சுத்திணறலுக்கு 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனால் 2018 மார்கழியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியதை மறக்க வேண்டாம். கடும் இழுப்பு உள்ளவர்கள், இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற அளவுக்கு மழை கொட்டும் நாட்களில் உட்கிராமத்தில் தங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள்.