அடகுச் சீட்டைப் பிள்ளையிடம் காட்டுவது எப்படி

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பிளஸ் டூ ரிசல்ட், காலேஜ் சீட், முதல் ஃபீஸ் எல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வரும், அதனால் பல வீடுகளில் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விடும்.

இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். ஆனால் மார்க் குறைந்த அன்று சொல்லாதீர்கள். "உனக்காகத்தானே கம்மலை வெச்சேன், இதான் நீ வாங்குன மார்க்கா" என்று கேட்டுக் கேட்டுப் பயந்த பிள்ளைகள்தான் அப்பா கையெழுத்தைத் தாங்களே போட்டுக்கொண்டு வருகிறார்கள். தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கும் நான் இதை வருடாவருடம் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சீட்டை எடுத்து வைத்து எவ்வளவு வாங்கினோம், வட்டி என்ன, எந்த மாதம் மீட்போம் என்று சொல்லுங்கள். "இது நாங்க எடுத்த முடிவு, அடைக்கிறது எங்க வேலை" என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொகை தெரியாத பிள்ளை, இந்தக் கடனைத் தன்னால் தீர்க்கவே முடியாது என்று நினைத்துக்கொள்ளும்.

பரீட்சையில் பிட்டு வைத்திருந்தது தெரிந்தால்? என்னிடம் படித்த ஒரு பையன் ரிவிஷன் டெஸ்டில் பிட்டு பார்த்து எழுதி 80க்கு மேல் வாங்கியிருந்தான், யாருக்கும் தெரியாது, ராத்திரி அவனே அம்மாவிடம் சொல்லிவிட்டான். மீன் விற்றுவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். அடிக்கவில்லை. "காலைல நானும் வரேன், டீச்சர்கிட்ட நீயே சொல்லு" என்றார், ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனார். அவனுக்கு ஜீரோ போட்டார்கள். அந்தப் பேப்பரில் அவரே கையெழுத்துப் போட்டார். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கூடப் போங்கள்.

பணம் கொடுத்தால் சீட் என்று வரும் ஆளைப் பிள்ளையின் எதிரிலேயே அனுப்பிவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் சீட் கிடைத்தால் ஃபீஸை அரசே கட்டும். கம்மலைக் கழற்றுவதற்கு முன் இதைப் பள்ளியில் கேளுங்கள்.

ஃபெயில் ஆனால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், துணைத்தேர்வு எழுதி அதே வருடம் காலேஜில் சேரலாம். ரிசல்ட் அன்று வேலையை விட்டுவிட்டு ஒருவராவது வீட்டில் இருங்கள். பிள்ளை பேசாமல் ஒடுங்கிப்போனால் 104 அல்லது 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு உடனே போன் போடுங்கள்.