கொம்புச்சா: ஆடையை விடுங்கள், உறையைக் கவனியுங்கள்

தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்குக் கொம்புச்சா, அதாவது பாலில்லாத, சர்க்கரை போட்ட டீயைப் புளிக்க வைத்துச் செய்யும் பானம், பெரிய வித்தையில்லை. ஆனாலும் முதல் தடவை போடுகிறவர்களில் பலர் கோட்டை விடுவது அந்த உறையில்தான். ஸ்கோபி என்கிற வழவழப்பான வட்டத் துண்டை எங்கிருந்தோ வரவழைப்பார்கள். அதோடு வந்த புளித்த நீரைக் கீழே கொட்டிவிட்டு, துண்டைக் குழாயடியில் நன்றாகக் கழுவி, ஆறிய டீயில் மிதக்க விடுவார்கள். ஐந்தாறு நாளில் மேலே பச்சையாகப் பூஞ்சை பூத்திருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு இது சரிப்படாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வெயில் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

ஸ்கோபி காளானும் இல்லை, விதையும் இல்லை. ரஷ்யாவில் அதைத் தேயிலைக் காளான் என்றே சொல்கிறார்கள், ஆனால் அது பாக்டீரியாக்கள் நெய்த செல்லுலோஸ் ஆடை, அவ்வளவுதான். (ஜப்பானில் போய் கொம்புச்சா கேட்டால் கடற்பாசி டீ வரும், பெயர்க் குழப்பம் அந்த அளவுக்கு.) டீயைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முந்தைய தடவையின் புளித்த நீரில் ஏராளமாக இருக்கின்றன. அந்த நீர் மட்டும் இருந்தாலே போதும், ஆடை தானாகப் படரும். அதைவிட முக்கியம், அந்த நீர்தான் புது டீயை முதல் நாளிலேயே புளிப்பாக்குகிறது. பி.எச். (புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவு) 4.5க்குக் கீழே இறங்கிவிட்டால் கெட்ட கிருமிகளும் பூஞ்சையும் காலூன்றுவது கஷ்டம். அதனால் 1 லிட்டர் டீக்கு 100 மி.லி.க்குக் குறையாமல் பழைய நீர் ஊற்ற வேண்டும். கைப்பழக்கம் வரும்வரை 200 மி.லி. ஊற்றுங்கள், நஷ்டமில்லை.

மற்ற அளவுகள் சுலபம். 1 லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் சர்க்கரை, 6 முதல் 8 கிராம் இலைத் தேயிலை. நீலகிரி இலைத் தேயிலை நன்றாக வரும். டஸ்ட் டீயிலும் வரும், ஆனால் துவர்ப்பு ஏறும், அடியில் கசடு நிற்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடையும் போய்விடும். டீ நன்றாக ஆறிய பிறகே உறை ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் தயிருக்கு என்ன கதியோ அதே கதிதான் இதற்கும்.

சர்க்கரை வேண்டாம் என்று பாதியாகக் குறைப்பதும், சுகர்ஃப்ரீ போடுவதும் அடுத்த தவறு. அந்தச் சர்க்கரை நமக்கல்ல, ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. மசாலா டீயும் வேண்டாம். ஏலக்காய், கிராம்பு எண்ணெய்களுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு, நல்ல கிருமி கெட்ட கிருமி என்று அவை பார்ப்பதில்லை. வாசனைச் சாமான்களைக் கடைசியில் பாட்டிலில் சேர்க்கலாம்.

பாத்திரத்தில் தயவுதாட்சண்யமே கூடாது: கண்ணாடிதான். பரணில் சும்மா கிடக்கிறதே என்று பாட்டி காலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடியை இறக்குவார்கள். பழைய மெருகுப் பூச்சில் காரீயம் இருந்தால், நாள்கணக்கில் அமிலத்தில் ஊறி அது பானத்தில் கரையும். ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதி பீங்கான் பாத்திரத்தில் கொம்புச்சா போட்டு மாதக்கணக்கில் குடித்துக் காரீய நஞ்சேறி அவதிப்பட்டது மருத்துவ இதழில் 1998இல் பதிவாகியிருக்கிறது. பித்தளை, செம்பு, அலுமினியமும் ஆகாது. எவர்சில்வர் கரண்டியால் ஒரு முறை கலக்கினால் ஒன்றும் ஆகிவிடாது, அந்தப் பயம் வீண்.

மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். அதற்காக வலைத்துணி கட்டினால் பழ ஈ நுழைந்து முட்டையிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். வாழைப்பழச் சீப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் 10 நாள், 14 நாள் என்று இருக்கும். சென்னையின் மே மாதத்தில் அதுவரை காத்திருந்தால் வினிகர்தான் கிடைக்கும். நாலாம் நாளிலிருந்து ருசி பாருங்கள். இதற்கிடையில் பழுப்பு நூல் தொங்கினாலும் ஆடை அடியில் மூழ்கினாலும் பயப்பட வேண்டாம், நூல் போலத் தொங்குவது ஈஸ்ட். பூஞ்சை வேறு மாதிரி இருக்கும்: மேற்பரப்பில், உலர்ந்து, பஞ்சு பஞ்சாக, பச்சையோ கறுப்போ வெள்ளையோ. ஊறுகாயில் பூத்ததை வழித்துப் போடுவதுபோல இங்கே செய்யக் கூடாது. ஆடை, நீர், எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

ருசி பிடித்ததும் பாட்டிலில் அடைத்து நுரை ஏற்றும் கட்டம் வரும், அதில் நானே அடிபட்டவன். இஞ்சியும் சர்க்கரையும் போட்டு, கோடையில் மூன்று நாள் வெளியே வைத்துவிட்டுத் திறந்தேன். பாதி பானம் கூரையில். பாட்டில் வெடிக்காதது அதிர்ஷ்டம். அழுத்தம் தாங்கும் தடித்த உருண்டைப் பாட்டில்தான் வேண்டும், அலங்காரச் சதுரப் பாட்டில் விரிசல் விடும். ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். அது அழுத்தினால் அமுங்காத அளவுக்குக் கல்லாகிவிட்டால், எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்கு மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடைத்த பாட்டிலில் வாயு மட்டும் ஏறுவதில்லை, கொஞ்சம் ஆல்கஹாலும் ஏறும். அமெரிக்காவில் ஆல்கஹால் 0.5 சதவீத வரம்பைத் தாண்டியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் 2010இல் கடைகளிலிருந்தே கொம்புச்சா பாட்டில்களை எடுத்தார்கள். வீட்டில் அளந்து பார்க்கச் சுலபமான வழியில்லை. அதனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், மது கூடாதவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இது வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று குடிப்பதும் தவறு, முடிந்த பானத்திலும் சர்க்கரை மிச்சம் இருக்கும்.

சொம்பு சொம்பாகவும் குடிக்காதீர்கள். 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கடுமையாக ஏறியது, ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 மி.லி. தீங்கு செய்யாமல் இருக்கலாம் என்பது அப்போது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்ன கணக்கு. ஒரு சின்ன டம்ளர், போதும்.

அப்புறம், எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்த பிறகுதான் அடுத்த தடவைக்கு உறை எடுத்து வைக்கவில்லை என்பது பலருக்கு நினைவு வரும். இஞ்சி போட்ட பாட்டிலிலிருந்து எடுத்தது உறைக்கு ஆகாது. ஜாடியைத் திறந்ததும் முதலில் ஒரு டம்ளர் எடுத்துத் தனியாக, ஃபிரிட்ஜுக்கு வெளியே, துணி மூடி வைத்துவிடுங்கள்.